விதை எண்ணிய அறிஞர்

சார்லஸ் டார்வின் 1809 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தோன்றினார். இளமையில் கப்பலேறி உலகைச் சுற்றிவந்த அவர், பின்னர் டவுன் என்னும் சிற்றூரில் தங்கி, நோயுற்றும் தளராது ஆராய்ச்சி புரிந்தார்.

அந்நாட்டுப் புல்வெளிகளில் கௌஸ்லிப் என்னும் மஞ்சள் மலர்ச்செடி தானே முளைத்துப் பல்லாண்டு வாழும். சில செடிகளின் மலர்களில் சூல்தண்டு நீண்டிருக்கும், ஏனையவற்றில் குறுகியிருக்கும். நீண்ட தண்டுடையன பெண்மை மிக்கன என அவருக்குத் தோன்றியது. ஆதலின் அவையே மிகுதியாக விதை தரும் என டார்வின் கருதினார். விதைகளைத் திரட்டி ஆராய்ந்தபோது, குறுந்தண்டுச் செடிகளே மிகுதியாக ஈந்தமை புலனாயிற்று. அவர் தம் கருத்தைக் கைவிட்டு, உண்மையை மேலும் தேடினார்.

சில செடிகளை வலையால் மூடினார். வண்டினம் அணுகாமையால் விதை அருகியது. ஒருவகை மலரின் மகரந்தம் மற்றவகை மலரைச் சேர்ந்தபோதே விதை நிறைந்தது. இவ்வுண்மையை 1862 இல் வெளியிட்டார்.

டார்வின் 1882 இல் மறைந்தார். மலரின் இவ்வடிவு மரபுவழி வருவதென்பது 1905 இல் தெளிவாயிற்று. வடிவைத் தருவது மரபு. விதை பெருகவோ வண்டின் துணையும் வேண்டும். தம் கருத்தினும் சிறு விதையின் சான்றைப் பெரிதென மதித்தமையே அவ்வறிஞரின் பெருமையாகும்.