டிஸ்ஸி டீன்

டிஸ்ஸி டீன் (ஜனவரி 16, 1910 - ஜூலை 17, 1974) பேஸ்பால் எனப்படும் அடிபந்தாட்டத்தில் புகழ்பெற்ற அமெரிக்கப் பந்தெறிவாளர் ஆவார். கால்விரலில் ஏற்பட்ட ஒரு காயம் இவரது எறியும் கையைப் பாதித்து, ஆட்ட வாழ்வைச் சுருக்கியது.

வாழ்க்கை

டீன் ஆர்கன்சாஸ் மாநிலத்திலுள்ள லூகாஸ் என்னும் ஊரில், பருத்தி வயல்களில் உழைத்த ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். சிறிது காலம் இராணுவத்தில் பணியாற்றிய பின், 1930இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்காக முதன்முதலில் ஆடினார். 1934ஆம் ஆண்டில் 30 வெற்றிகளைப் பெற்றார். அவ்வாண்டின் உலகத் தொடரில் கார்டினல்ஸ் பெற்ற 4 வெற்றிகளும் இவருக்கும் இவரது தம்பி பாலுக்கும் தலா இரண்டாக அமைந்தன.

காயம்

1937 ஜூலையில் வாஷிங்டனில் நடந்த நட்சத்திர வீரர்கள் ஆட்டத்தில், ஏர்ல் ஆவரில் அடித்த பந்து டீனின் இடது கால் பெருவிரலை முறித்தது. விரல் முழுமையாகக் குணமாகும் முன்பே டீன் மீண்டும் ஆடத் தொடங்கினார். வலக்கையால் எறிபவர் பந்தை விடும்பொழுது உடல் எடையை இடது காலிலேயே ஊன்றுகிறார். வலிக்கும் விரலைக் காக்க டீன் எறியும் முறையை மாற்றினார். அதனால் தோளின் மீது மிகுந்த சுமை விழுந்து, கை தன் வேகத்தை இழந்தது.

பந்தெறிவாளர்களின் கை சில வேளைகளில் மரத்துப்போய் வலுவிழப்பதுண்டு. தோள் களைப்பினால் மட்டும் வரும் இந்நிலை ஓய்வெடுத்தால் நீங்கிவிடும். தோளின் உட்பகுதி சேதமடைந்திருந்தால் ஓய்வு மட்டும் போதாது. டீனின் கை பழைய வேகத்தை மீண்டும் பெறவேயில்லை.

பிற்காலம்

1938இல் சிகாகோ கப்ஸ் அணி 3 வீரர்களையும் 1,85,000 டாலரையும் கொடுத்து இவரைப் பெற்றது. அவ்வாண்டின் உலகத் தொடரில், வேகம் குறைந்த பந்துகளைக் கொண்டே 7 இன்னிங்சுகள் வரை முன்னிலையைக் காத்தார். எனினும் நியூயார்க் யாங்கீஸ் அணி 6-3 என வென்றது. இவரது 150 வெற்றிகளில் 134, 1937 முடிவதற்குள், 27 வயதுக்குள்ளாகவே கிடைத்தவை. அடுத்த ஆண்டுகளில் 16 மட்டுமே கிடைத்தன.

1941இல் ஓய்வு பெற்று, வானொலி வருணனையாளராகப் புகழ் பெற்றார். 1947இல் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணிக்காக ஒரே ஓர் ஆட்டத்தில் களமிறங்கி, 4 இன்னிங்சுகளில் எதிரணிக்கு ஓட்டம் எதுவும் விட்டுக்கொடுக்கவில்லை. 1953இல் அடிபந்தாட்டப் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார். 1974இல் நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரில் காலமானார்.