சாக்கடைச் சந்துகளில் நடந்த சர்தார்

சர்தார் வல்லபாய் பட்டேலைத் தெரியாதவர்கள் யார்? சிதறிக் கிடந்த 560-க்கும் மேற்பட்ட சமஸ்தானங்களை இந்தியாவோடு சேர்த்தவர். இரும்பு மனிதர் என்று பெயர் எடுத்தவர். குஜராத்தில் நர்மதை நதிக்கரையில் அவருக்கு 182 மீட்டர் உயரச் சிலை நிற்கிறது. 2018-ம் ஆண்டு திறக்கப்பட்ட சிலை அது.

ஆனால், அந்த இரும்பு மனிதர் முதன் முதலில் ஆண்டது எதை என்று தெரியுமா?

ஓர் ஊரின் சாக்கடையை! குடிதண்ணீர்க் குழாயை! குப்பை மேட்டை!

ஆம். டில்லியில் மந்திரி ஆவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னால், அவர் ஆமதாபாத் நகரசபையின் தலைவராக இருந்தார். பெரிய வேலைக்கு அவரைத் தயார் செய்தது அந்தச் சின்ன வேலைதான்.

விட்டுக்கொடுத்த தம்பி

பட்டேல் 1875-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி நடியாத் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் ஜவேர்பாய், கரம்சத் கிராமத்து விவசாயி. தாயார் லாட்பாய். வீட்டில் பணம் கிடையாது. பட்டேல் மெட்ரிகுலேஷன் தேறியபோது வயது 22. காலேஜுக்குப் போக வசதி இல்லை. சட்டப் புத்தகங்களை இரவல் வாங்கிப் படித்து, பரீட்சை எழுதி வக்கீல் ஆனார்.

சீமைக்குப் போய் பாரிஸ்டர் ஆக வேண்டும் என்பது அவருடைய ஆசை. காசு சேர்த்துப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தார். வந்த கடிதத்தில் வி.ஜே. பட்டேல் என்று இருந்தது. அது அண்ணன் விட்டல்பாயின் கையில் கிடைத்தது. அவருக்கும் அதே முதலெழுத்துக்கள்தான்!

மூத்தவன் நான் இருக்க, இளையவன் நீ முதலில் போவதா என்று அண்ணன் கேட்டார். தம்பி மறுபேச்சுப் பேசவில்லை. தாம் சேர்த்த பயணத்தில் அண்ணனை அனுப்பி வைத்தார்.

1909-ல் மனைவி ஜவேர்பாய் பம்பாயில் ஆபரேஷனுக்குப் பிறகு காலமானார். தந்தி வந்தபோது பட்டேல் கோர்ட்டில் ஒரு சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தார். தந்தியைப் படித்தார். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். விசாரணையை முடித்தார். பிறகுதான் செய்தியைச் சொன்னார். தம்மை நம்பி வந்த கட்சிக்காரனை நடுவில் விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை.

மகள் மணிபென்னும் மகன் டாயாபாயும் அப்போது சிறு குழந்தைகள். அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. அடுத்த ஆண்டு சீமைக்குப் போனார். 1913-ல் பாரிஸ்டராகத் திரும்பி, ஆமதாபாத்தில் தொழில் தொடங்கினார். பணம் குவிந்தது. கோட்டும் சூட்டும் போட்டார். மாலையில் கிளப்பில் சீட்டாடினார். காந்திஜி அந்தக் கிளப்புக்கு வந்து பேசியபோதுகூடச் சீட்டாட்டத்தை விடாமல் கேலி செய்தவர்தான் அவர்!

புகையும் தூசியும் நிறைந்த நகரம்

அப்போதைய ஆமதாபாத் எப்படி இருந்தது?

சபர்மதி ஆற்றின் கரையில் பழைய ஊர். சுற்றிலும் கோட்டைச் சுவர். உள்ளே ‘போள்’ என்று சொல்லப்படும் குடியிருப்புகள். ஒரு வாசல், உள்ளே குறுகிய சந்து, இரு பக்கமும் நெருக்கமாக வீடுகள். ஊரைச் சுற்றிப் பஞ்சாலைகள் எழும்பின. பிழைப்புத் தேடி ஜனங்கள் வந்து குவிந்தார்கள். 1921-ம் ஆண்டுக் கணக்கில் ஜனத்தொகை சுமார் 2¾ லட்சம். ஆனால் சந்து அதே சந்து. சாக்கடை அதே சாக்கடை.

இதற்கு முன்பே அங்கே ஒரு நல்ல தலைவர் இருந்தார். ரண்சோட்லால் சோட்டாலால் என்பது அவர் பெயர். 1861-ல் ஊரின் முதல் பஞ்சாலையைத் தொடங்கியவர். நகரசபைத் தலைவராகிக் குழாய்த் தண்ணீரும், பாதாளச் சாக்கடையும் கொண்டுவரப் பாடுபட்டார். ஜனங்களிடமிருந்தே எதிர்ப்பு வந்தது. 1898-ல் அவர் காலமானார். அவர் தொடங்கிய வேலை பாதியில் நின்றது.

பிளேக் வந்தது

1917-ல் பட்டேல் தரியாப்பூர் வார்டிலிருந்து நகரசபை அங்கத்தினர் ஆனார். சுகாதாரக் கமிட்டியின் தலைமை அவருக்குக் கிடைத்தது. கௌரவமான பதவி என்று யாரும் பொறாமைப்படக் கூடியதா அது? குப்பை, கழிவு, சாக்கடை இவைதான் அந்தக் கமிட்டியின் சொத்து!

அதே ஆண்டு பிளேக் நோய் பரவியது. பள்ளிக்கூடங்களும் கோர்ட்டுகளும் மூடப்பட்டன. வசதி உள்ளவர்கள் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டுப் போனார்கள். பட்டேலும் போயிருக்கலாம். அவருக்கு வசதியும் இருந்தது, காரணமும் இருந்தது. தாயில்லாத இரண்டு குழந்தைகளுக்கு அவர் ஒருவர்தானே துணை!

அவர் போகவில்லை. சந்து சந்தாக நடந்தார். சாக்கடையைச் சுத்தம் செய்வதையும், மருந்து தெளிப்பதையும் பக்கத்தில் நின்று பார்த்தார். துப்புரவுத் தொழிலாளிக்கு ஓடிப்போக வழி இல்லை. அவனை வேலை வாங்கும் கமிட்டித் தலைவர் மட்டும் ஓடிப்போவது நியாயமா? அலைச்சலில் அவருடைய உடம்பும் கெட்டது. ஆனால் சீமைப் படிப்புப் படித்த பாரிஸ்டர் சாக்கடை ஓரத்தில் நின்றதை ஊர் மறக்கவில்லை.

மறு ஆண்டு விஷக் காய்ச்சல் வந்தபோதும் அவர் நோயாளிகளுக்காகத் தற்காலிக ஆஸ்பத்திரி ஏற்பாட்டில் இறங்கினார். இதற்குள் காந்திஜி அவரை முழுவதுமாக இழுத்துக்கொண்டார். 1918-ல் கேடா விவசாயிகளின் வரி கொடாப் போர். 1920-ல் ஒத்துழையாமை. பட்டேல் வக்கீல் தொழிலை விட்டார். சீமைத் துணியை விட்டார். கதர் உடுத்தினார்.

சர்க்காரோடு மோதல்

நகரசபைதான் ஆரம்பப் பள்ளிக்கூடங்களை நடத்தி வந்தது. சர்க்கார் அதற்கு மானியம் கொடுத்தது. மானியம் கொடுத்ததால் அதிகாரமும் செய்தது. மானியமும் வேண்டாம், அதிகாரமும் வேண்டாம் என்று பட்டேலின் தலைமையில் நகரசபை முடிவு செய்தது.

சர்க்கார் சும்மா இருக்குமா? 1922-ல் நகரசபையையே கலைத்தது. தானே ஒரு கமிட்டியை நியமித்தது. பட்டேல் தளரவில்லை. ஜனங்களிடம் நன்கொடை வசூலித்துத் தனியாகப் பள்ளிக்கூடங்கள் நடத்த ஏற்பாடு செய்தார். பள்ளிப் பணத்தைத் தவறாகச் செலவிட்டார்கள் என்று அவர்மீதும் சகாக்கள்மீதும் வழக்கு வந்தது. வழக்கு தோற்றது.

1924-ல் மீண்டும் தேர்தல். பட்டேலின் கட்சி ஜெயித்தது. எந்தச் சபையைச் சர்க்கார் கலைத்ததோ, அந்தச் சபைக்கே அவர் தலைவராக வந்து உட்கார்ந்தார்.

கோணல் நிலம் நேரானது

நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் பழைய பாடத்தை மறக்கவில்லை. தண்ணீர், சாக்கடை, சாலை. இந்த மூன்றும்தான் முதலில். குழாய்களும் சாக்கடைகளும் புதிய பகுதிகளுக்கு நீண்டன. தொண்டர்களோடு தெருக் கூட்டும் வேலையும் நடந்தது.

நெரிசலுக்கு மருந்து என்ன? ஊர் வெளியே வளர வேண்டும். ஆற்றுக்கு அக்கரையில், எல்லிஸ் பாலத்தைத் தாண்டி, வயல் வெளிகள் இருந்தன. அங்கே ஒழுங்கான புது நகர் அமைக்கத் திட்டம் உருவானது. 1915-ல் பம்பாய் மாகாணத்தில் வந்த நகர அமைப்புச் சட்டம் அதற்கு வழி காட்டியது.

அந்தச் சட்டத்தின் வழி எளிமையானது. பத்துப் பேருக்குப் பத்துக் கோணல் நிலங்கள் இருக்கின்றன. எதற்கும் பாதை இல்லை. எல்லா நிலத்தையும் ஒன்றாகக் கணக்கில் சேர்ப்பார்கள். சாலைக்கும் பொது இடத்துக்கும் ஒரு பங்கை எடுப்பார்கள். மீதியைச் சதுரமான மனைகளாக்கி அந்தப் பத்துப் பேருக்கே திருப்பித் தருவார்கள். மனை கொஞ்சம் சிறுத்துவிடும். ஆனால் வாசலில் சாலை வந்துவிடும். நிலத்தின் விலை ஏறும். ஏறிய விலையில் ஒரு பகுதியை, செலவுக்காக நகரசபைக்குக் கட்ட வேண்டும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சொந்த நிலத்தில் ஒரு முழம் போனால் யாருக்குத்தான் பொறுக்கும்? எதிர்ப்பு வந்தது. பழைய கோட்டைச் சுவரை இடித்து வழி திறக்கும் யோசனைக்கும் எதிர்ப்பு வந்தது. பாட்டன் காலத்துச் சுவர் என்று சிலர் வருந்தினார்கள். அந்த வருத்தத்திலும் நியாயம் உண்டு. பழைய சின்னங்கள் போனால் திரும்பி வருமா? ஊருக்கு நல்லது செய்கிறவன் எல்லோருக்கும் நல்லவனாக இருக்க முடியாது. பட்டேல் எல்லோருக்கும் நல்லவராக இருக்க முயலவும் இல்லை.

நள்ளிரவு மழை

1927 ஜூலை மாதம். குஜராத்தில் வானம் பிளந்ததுபோல் மழை. நாள் கணக்கில் விடவில்லை. ஆமதாபாத்தின் தாழ்வான இடங்களில் தண்ணீர் ஏறியது. மண் சுவர்கள் கரைந்து விழுந்தன.

நள்ளிரவு. பட்டேலுக்குத் தூக்கம் வரவில்லை. கொட்டும் மழையில் எழுந்து நடந்தார். தண்ணீர் எங்கே தேங்குகிறது, எங்கே அடைத்திருக்கிறது என்று பார்த்தார். எஞ்சினியரை எழுப்பினார். தண்ணீர் வெளியேற வழி வெட்டச் செய்தார். பொழுது விடிவதற்குள் வேலை தொடங்கிவிட்டது.

பத்து வருஷமாகச் சந்து சந்தாக நடந்தவர் அல்லவா? எந்தத் தெரு மேடு, எந்தத் தெரு பள்ளம் என்பது அவருக்குக் காலிலேயே தெரியும்!

வெள்ளம் வடிந்ததும் கிராமங்களுக்குத் தொண்டர்களை அனுப்பினார். தானியம், துணி, விதை எல்லாம் போய்ச் சேர்ந்தன. அப்போது காந்திஜி உடம்பு சரியில்லாமல் பெங்களூரில் தங்கியிருந்தார். அவர் ஓடி வர வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

நகரசபை தந்த பாடம்

1928-ல் பட்டேல் தலைவர் பதவியை ராஜினாமா செய்தார். சபைக்குள் கோஷ்டிப் பூசல் ஒரு பக்கம். பர்தோலி விவசாயிகளின் அழைப்பு மறு பக்கம். அங்கே நிலவரியை 22 சதவீதம் உயர்த்தியிருந்தார்கள்.

பர்தோலியில் பட்டேல் கிராமம் கிராமமாக ஆட்களை நிறுத்தினார். தினமும் செய்தி வரும். தினமும் உத்தரவு போகும். ஒரு வீடுகூடக் கணக்கில் விட்டுப் போகவில்லை. பிளேக்கிலும் வெள்ளத்திலும் கற்ற பாடம் அது. சர்க்கார் பணிந்தது. விசாரணைக்குப் பிறகு உயர்வு சுமார் 6 சதவீதமாகக் குறைந்தது. அந்தப் போராட்டத்தில்தான் அவர் சர்தார் ஆனார்.

பிறகு நடந்தது நாடறிந்த கதை. சிறைவாசம். சுதந்திரம். 1947-ல் துணைப் பிரதமர். உள்நாட்டு மந்திரி. சமஸ்தானங்களின் இணைப்பு. அதுவும் ஒரு வகையில் பழைய வேலைதானே! கோணல் நிலங்களை ஒன்று சேர்த்து, ஊருக்குப் பொதுப் பாதை போட்டவர், இப்போது நாட்டுக்கே அதைச் செய்தார்.

1950-ம் ஆண்டு டிசம்பர் 15-ந் தேதி பம்பாயில் பட்டேல் காலமானார். அவர் வளர்த்த ஆமதாபாத் நகரசபை அதே ஆண்டில்தான் மாநகராட்சியாக உயர்ந்தது.

அவருடைய பெரிய சிலையைப் பார்க்க ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். ஆனால் அவர் போட்ட சாக்கடையைப் பார்க்க யாரும் போவதில்லை. சாக்கடை நன்றாக ஓடினால் அது கண்ணில் படாது. அடைத்துக்கொண்டால்தான் ஊர் பேசும்.

நம் ஊரிலும் நகரசபை இருக்கிறது. நம் தெருவுக்கும் ஒரு கவுன்சிலர் இருக்கிறார். ஓட்டுப் போடும்போது நாம் எதைப் பார்க்கிறோம்? மேடையில் நன்றாகப் பேசுகிறாரா என்று பார்க்கிறோம். மழை பெய்யும் இரவில் குடையை எடுத்துக்கொண்டு நம் தெருவில் நடப்பாரா என்று பார்ப்பதில்லை.

இனி அதையும் பார்ப்போம்!