பிலிப்போ புரூனெல்லெஸ்கி

இத்தாலி தேசத்துப் பிளாரென்ஸ் நகரத்தின் பழைய கட்டடங்களைக் காண விரும்புவோர், ஜனநெருக்கம் தொடங்குமுன் அதிகாலையிலேயே புறப்படுதல் நலம். பேராலயத்தின் முற்றத்தில் நாம் நின்று நோக்குங்கால், செந்நிற ஓடு வேய்ந்த கும்மட்டமொன்று முதல் வெயிலை ஏற்று விளங்கும். அதனை எழுப்பிய பிலிப்போ புரூனெல்லெஸ்கியின் சரிதத்தை அந்நகர வீதிகளில் நடந்தவாறே அறிந்துகொள்ளலாம்.

1377-ஆம் ஆண்டில் பத்திரம் எழுதுவோர் ஒருவரின் புதல்வராய்ப் பிறந்த இவர், பொற்கொல்லர் தொழில் பயின்றார். ஆலயத்தின் எதிரேயுள்ள எண்கோண ஞானஸ்நான மண்டபத்திற்கு வெண்கலக் கதவு செய்ய 1401-இல் ஒரு போட்டி ஏற்பட்டது. ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிட முற்படும் காட்சியை ஒவ்வொருவரும் ஒரு தகட்டில் வார்த்துக் காட்டவேண்டும். வேலை, இவரினும் சற்று இளையரான கிபெர்ட்டிக்குக் கிடைத்தது. இவரோ ரோமாபுரி சென்று பழைய இடிபாடுகளை அளந்து ஆராய்ந்தாரென்று சரிதக்காரர் கூறுவர்.

அக்காலத்தில் பேராலயம் தலையின்றிக் கிடந்தது. 1296-இல் தொடங்கிய அதன் நடுவே, ஏறக்குறைய 45 மீட்டர் அகலமுள்ள வெளியை மூடும் வகை எவருக்கும் புலப்படவில்லை. வளைவு கட்டுவோர் மரத்தாங்கல் அமைத்து, அதன்மேற் கட்டி, சாந்து இறுகியபின் மரத்தை நீக்குவது வழக்கம். அவ்வளவு பெரிய தாங்கலுக்கு மரம் எங்கே கிடைக்கும்? தாங்கலே வேண்டுவதில்லை என்றார் புரூனெல்லெஸ்கி. 1420-இல் வேலை தொடங்கியது. ஆயினும், அவருக்கு இணையான பதவியிலும் சம்பளத்திலும் உடன் நியமிக்கப்பெற்றவர் யார்? அதே கிபெர்ட்டி! வேறொருவராயின் சினந்து விலகியிருப்பர், இவர் விலகவில்லை.

கும்மட்டத்தை உள்ளொன்றும் புறமொன்றுமாக இரண்டு கூடுகளாய்க் கட்டி, இடையே ஏறும் வழி விட்டார். கிடையாக வைத்த செங்கற்களின் நடுநடுவே சிலவற்றைச் செங்குத்தாக நிறுத்தி, மீன்முள்ளைப்போற் பின்னினார். அதனால் சாந்து இறுகும்வரை வரிசைகள் சரியாது நின்றன. பாரம் தூக்க எருதுகள் சுற்றும் யந்திரமொன்றும் செய்தார். எருதுகளைத் திருப்பிப் பூட்டாமலே அதனால் ஏற்றவும் இறக்கவும் இயலும். 1436-இல் கும்மட்டம் முற்றுப்பெற்றது.

அங்கிருந்து வடகிழக்கே சற்று நடந்தால், கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக 1419-இல் அவர் தொடங்கிய விடுதியை அடைவோம். மெல்லிய தூண்களும் அரைவட்ட வளைவுகளுமுள்ள அத்தாழ்வாரம், கும்மட்டத்தினும் நமக்குப் பிரியமானது.

கும்மட்டத்தின் உச்சியிலுள்ள விளக்குமாடம் தொடங்கிய சில மாதங்களில், 1446-இல் அவர் இறந்தார். ஆலயத்தினுள்ளேயே அடக்கம் செய்யப்பெற்றார். காலப்போக்கில் அவ்விடம் மறக்கப்பட்டு, 1972-இல்தான் தளத்தின்கீழ்க் கல்லறை வெளிப்பட்டது. 1401-இல் அவ்விருவரும் வார்த்த தகடுகள் பார்ஜெல்லோ காட்சிசாலையில் இருக்கின்றன. அன்றைய தீர்ப்பை மறுபடி ஆராய விரும்புவோர் அங்கே செல்லலாம்.