ரோஜே லப்பேபி

ரோஜே லப்பேபி (ஜனவரி 16, 1911 - அக்டோபர் 12, 1996) பிரான்சு நாட்டைச் சேர்ந்த மிதிவண்டிப் பந்தய வீரர் ஆவார். 1937 ஆம் ஆண்டின் டூர் டி பிரான்சு பந்தயத்தில் வெற்றி பெற்றவர். கியர்மாற்றி பொருத்திய மிதிவண்டியில் அப்பந்தயத்தை வென்ற முதல் வீரர் இவரே. போர்தோ நகருக்குக் கிழக்கே திராட்சைத் தோட்டங்களின் ஊடாகச் செல்லும் மிதிவண்டிப் பாதை ஒன்றுக்கு இவரது பெயர் சூட்டப்பட்டுள்ளது. பந்தய வரலாறு அறியாத பலரும் அப்பாதையின் வழியாகவே இவரது பெயரை அறிந்துள்ளனர்.

இளமை

லப்பேபி தென்மேற்குப் பிரான்சில் உள்ள பயோன் நகரில் பிறந்தார். இவரது தம்பி கீ லப்பேபியும் (1916 - 2010) புகழ்பெற்ற மிதிவண்டி வீரர். கீ 1936 ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கப் பதக்கங்களும் ஒரு வெள்ளிப் பதக்கமும் பெற்றார். 1948 ஆம் ஆண்டு டூர் டி பிரான்சில் மூன்றாம் இடம் பிடித்தார்.

பந்தய வாழ்வின் தொடக்கம்

ரோஜே 1932 ஆம் ஆண்டில் தொழில்முறை வீரரானார். அவ்வாண்டே டூர் டி பிரான்சில் பங்கேற்று ஒரு கட்டத்தில் முதலிடம் பெற்றார். (இப்பந்தயம் ஏறத்தாழ மூன்று வாரங்கள் நடைபெறும். ஒவ்வொரு நாள் ஓட்டமும் ஒரு கட்டம் எனப்படும். எல்லாக் கட்டங்களிலும் சேர்த்து மிகக் குறைந்த நேரம் எடுத்துக்கொண்டவரே வெற்றியாளர். அன்றன்று முன்னணியில் இருப்பவர் மஞ்சள் சட்டை அணிவார்.) 1933 இல் பிரான்சின் தேசியச் சாலைப் பந்தய வாகையராக விளங்கினார். 1934 ஆம் ஆண்டு டூரில் ஐந்து கட்டங்களை வென்று மொத்தத்தில் மூன்றாவதாக வந்தார்.

அதே 1934 இல் பாரிசு - ரூபே பந்தயத்தில் நடந்தது இவரது வாழ்வில் குறிப்பிடத்தக்க நிகழ்வாகும். முடிவை நெருங்கும் வேளையில் இவரது வண்டியின் சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டது. சாலையோரம் நின்ற பார்வையாளரின் மிதிவண்டியை வாங்கிக்கொண்டு தொடர்ந்து ஓட்டினார். எல்லைக் கோட்டையும் முதலாவதாகக் கடந்தார். ஆனால் வண்டியை மாற்றுவது அக்கால விதிகளுக்குப் புறம்பானது என்பதால் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். வெற்றி பெல்ஜிய வீரர் கஸ்தோன் ரெப்ரிக்கு வழங்கப்பட்டது. வீரர் தன் வண்டியுடன் தனியாகவே போராட வேண்டும், பிறர் உதவி கூடாது என்பது அன்றைய பந்தய அமைப்பாளர்களின் கொள்கை. மூன்று ஆண்டுகளுக்குப் பின் லப்பேபியின் மிகப்பெரிய வெற்றி சர்ச்சைக்கு உள்ளானதும் இக்கொள்கையின் பொருட்டே.

1935 ஆம் ஆண்டு டூரில் இடையில் விலகிய இவர், 1936 இல் அதில் கலந்துகொள்ளவில்லை. 1937 இன் தொடக்கத்தில் பாரிசு - நீஸ் பந்தயத்தை வென்றார்.

கியர்மாற்றி அனுமதிக்கப்படுதல்

டூர் டி பிரான்சை 1903 இல் தொடங்கிய ஆன்ரி டெக்ராஞ் கியர்மாற்றியை நெடுங்காலம் எதிர்த்து வந்தார். உடல் வலிமையே வெல்ல வேண்டும், பொறி வெல்லக்கூடாது என்பது அவரது எண்ணம். ஆகவே வீரர்களின் வண்டிகளில் பின்சக்கரத்தின் இருபுறமும் வெவ்வேறு அளவுள்ள பற்சக்கரங்கள் இருந்தன. மலை ஏறத் தொடங்கும் இடத்தில் வீரர் கீழே இறங்கி, திருகுகளைத் தளர்த்தி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்ட வேண்டும். உச்சியை அடைந்ததும் மீண்டும் அதே வேலை. மழையிலும் பனிக்குளிரிலும் விரல்கள் மரத்துப் போன நிலையில் இதனைச் செய்தனர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இத்தனைக்கும் பிரான்சில் சாதாரண மிதிவண்டிப் பயணிகள் பல ஆண்டுகளாகவே கியர்மாற்றியைப் பயன்படுத்தி வந்தனர்.

உடல்நலக் குறைவால் டெக்ராஞ் 1936 இல் பொறுப்பிலிருந்து விலக, ஜாக் கொடே அவ்விடத்திற்கு வந்தார். 1937 இல் கியர்மாற்றி அனுமதிக்கப்பட்டது. சுவிட்சர்லாந்தின் முன்னாள் வீரர் ஆஸ்கார் எக் உருவாக்கிய சூப்பர் சாம்பியன் என்னும் கருவியை லப்பேபி பயன்படுத்தினார். ஓடும்போதே சங்கிலியை ஒரு பற்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்துவது இதன் பணி.

1937 டூர் டி பிரான்சு

ஜூன் 30 அன்று பாரிசில் தொடங்கி ஜூலை 25 அன்று அங்கேயே முடிந்த இப்பந்தயத்தின் தூரம் ஏறத்தாழ 4,400 கி.மீ. தொடங்கிய 98 பேரில் 46 பேரே முடித்தனர். மஞ்சள் சட்டை அணிந்திருந்த இத்தாலிய வீரர் ஜீனோ பர்தாலி ஆல்ப்சு மலைப் பகுதியில் ஓடை ஒன்றில் விழுந்தார். சில நாட்களில் பந்தயத்திலிருந்தும் விலகினார். அதன் பின்னர் போட்டி, முந்தைய ஆண்டின் வெற்றியாளரான பெல்ஜியத்தின் சில்வேர் மாஸ், லப்பேபி ஆகிய இருவருக்கும் இடையே அமைந்தது.

பிரனீசு மலையில் லூசோன் - போ கட்டம் தொடங்கவிருந்த காலையில், லப்பேபியின் வண்டிக் கைப்பிடி அறுக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. செய்தவர் யாரெனத் தெரியவில்லை. அவசரமாக வேறு கைப்பிடி பொருத்தப்பட்டது; ஆனால் அதில் தண்ணீர்க் குப்பி வைக்கும் தாங்கி இல்லை. அக்காலத்தில் குப்பிகள் கைப்பிடியில்தான் வைக்கப்பட்டன. கோடை வெயிலில் பெய்ரசூர்து, அஸ்பன், தூர்மலே, ஓபிஸ்க் ஆகிய நான்கு கணவாய்களைக் கடக்க வேண்டிய நாளில் இது சிறிய இழப்பன்று. தொடக்கத்தில் வெகுவாகப் பின்தங்கிய லப்பேபி, பின்னர் மீண்டு எசுப்பானிய வீரர் யூலியன் பெரெந்தேரோவுக்கு அடுத்ததாகக் கட்டத்தை முடித்தார். ஆயினும் மலையேற்றத்தில் பார்வையாளர்கள் இவரைத் தள்ளிவிட்டதாக முறையிடப்பட்டதால் ஒன்றரை நிமிடம் தண்டனை நேரமாகச் சேர்க்கப்பட்டது.

அடுத்த கட்டம் போவிலிருந்து போர்தோ வரை. மாஸின் சக்கரத்தில் காற்று இறங்கியபோது, அவரது அணியில் இல்லாத வேறு பெல்ஜியர்கள் அவருக்கு உதவினர். இதற்காக மாஸுக்கு 15 நொடி தண்டனை விதிக்கப்பட்டது. லப்பேபி சென்றவுடன் தொடர்வண்டிக் கடவு ஒன்று தம் எதிரே மூடப்பட்டதாகவும், பார்வையாளர்கள் கல்லெறிந்ததாகவும் பெல்ஜியர்கள் குற்றஞ்சாட்டினர். போர்தோவை அடைந்தபோது மாஸ் 25 நொடிகள் மட்டுமே முன்னிலையில் இருந்தார். அத்துடன் பெல்ஜிய அணி முழுவதும் பந்தயத்தைக் கைவிட்டு நாடு திரும்பியது. மஞ்சள் சட்டை லப்பேபியை வந்தடைந்தது.

பாரிசில் இவர் இத்தாலியின் மாரியோ விசீனியை விட 7 நிமிடம் 17 நொடி முன்னதாக முடித்திருந்தார். மாஸ் விலகாதிருந்தால் முடிவு என்னவாகியிருக்கும் என்பது விடை காண முடியாத வினா. தள்ளிவிடப்பட்டது விதிமீறலே; அதற்கான தண்டனையும் அளிக்கப்பட்டது. ஆனால் அறுக்கப்பட்ட கைப்பிடிக்கு எவரும் தண்டிக்கப்படவில்லை என்பதையும் சேர்த்தே இவ்வெற்றியை மதிப்பிட வேண்டும். கியர்மாற்றி மட்டுமே வெற்றியைத் தந்தது என்பதும் பொருந்தாது, ஏனெனில் அவ்வாண்டு அது எல்லோருக்கும் அனுமதிக்கப்பட்டிருந்தது.

பிற்காலம்

லப்பேபி அதன்பின் டூர் டி பிரான்சில் பங்கேற்கவில்லை. 1939 ஆம் ஆண்டு போர்தோ - பாரிசு பந்தயத்தில் முழங்காலில் ஏற்பட்ட காயத்துடன் இவரது பந்தய வாழ்வு முடிவுற்றது. அப்போது இவருக்கு வயது 28. டூரில் மொத்தம் ஒன்பது கட்டங்களை வென்றுள்ளார். போர்தோவை அடுத்த பெசாக் நகரில் 1996 இல் தமது 85 ஆம் வயதில் காலமானார்.

ரோஜே லப்பேபி மிதிவண்டிப் பாதை

போர்தோவிலிருந்து சோவ்தெர் தெ கியேன் என்னும் சிற்றூர் வரை கைவிடப்பட்ட தொடர்வண்டித் தடத்தின் மீது இப்பாதை அமைக்கப்பட்டுள்ளது. நீளம் ஏறத்தாழ 55 கி.மீ. சென்னை வாசகர்களுக்கு ஒப்பிட்டுச் சொல்வதானால், வடபழனியிலிருந்து மாமல்லபுரம் வரையுள்ள தூரம். இதன் பெரும்பகுதியில் மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லை.

கரோன், டோர்டோன் ஆகிய இரு ஆறுகளுக்கு நடுவேயுள்ள இந்நிலப்பகுதி ஆந்த்ர-தெ-மேர் எனப்படுகிறது. இரு கடல்களுக்கு இடைப்பட்டது என்று பொருள். கடலின் ஓதம் இரு ஆறுகளிலும் உள்நாடு வரை ஏறி வருவதால் இப்பெயர் ஏற்பட்டதாகக் கூறுவர். சோவிஞ்ஞோன் பிளான், செமியோன், மியூஸ்கதெல் என்னும் வெள்ளைத் திராட்சை வகைகளிலிருந்து இங்கு வடிக்கப்படும் வைன், இந்நிலத்தின் பெயரைத் தாங்கும் சட்ட உரிமையைப் பெற்றது லப்பேபி வெற்றி பெற்ற அதே 1937 ஆம் ஆண்டில்தான்.

நிலம் மேடும் பள்ளமுமானது. ஆனால் நீராவி இயந்திரங்கள் செங்குத்தாக ஏற இயலா என்பதால் தொடர்வண்டித் தடங்கள் மென்மையான சரிவில் போடப்பட்டன. எனவே நம் ஊர்களில் காணப்படும் கியர் இல்லாத மிதிவண்டியிலும் இப்பாதையில் செல்லலாம். கியர்மாற்றியால் பெயர் பெற்றவரின் பாதைக்கு கியர் தேவைப்படாதது விந்தைதான். லத்ரேன், கிரேயோன் ஆகிய ஊர்களைக் கடந்து லா சோவ் ஊரை அடைந்தால், 1079 இல் நிறுவப்பட்ட மடாலயத்தின் இடிபாடுகளைக் காணலாம். இது 1998 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமான சாந்தியாகோ யாத்திரை வழிகளின் ஒரு பகுதி. அவ்வூரில் தொடர்வண்டிக்காகக் குடையப்பட்ட சுரங்கத்தினுள் பாதை செல்கிறது. கிரேயோனின் பழைய தொடர்வண்டி நிலையம் மிதிவண்டிப் பயணிகளுக்கான நிலையமாக மாற்றப்பட்டுள்ளது. அத்திலாந்திக்குக் கரையையும் மத்தியதரைக் கடலையும் இணைக்கும் நெடும் மிதிவண்டி வழியின் ஒரு பகுதியாகவும் இப்பாதை விளங்குகிறது.