பழனிக்குப் போகாத பாம்பன் சுவாமிகள்

ஓம் சரவணபவ!

நம்மள்ல நிறைய பேர் காலையில சண்முக கவசம் சொல்லிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புறோம். அதை அருளின பாம்பன் சுவாமிகள் ஆயுசு முழுக்க ஒரு முறைகூட பழனி மலை ஏறலன்னு உங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குப் போன வருஷம் வரைக்கும் தெரியாது. தெரிஞ்ச அன்னைக்கு என் தூக்கம் போச்சு. ஏன்னு கடைசியில சொல்றேன். முதல்ல சுவாமிகள் கதை.

சுவாமிகள் 1850 வாக்குல ராமேஸ்வரத்துல பிறந்தவர். அப்பா சாத்தப்ப பிள்ளை, அம்மா செங்கமலத்தம்மாள். இவருக்கு வச்ச பேர் அப்பாவு. வளர்ந்தது பாம்பன்ல. பின்னாடி ஊர்ப் பேரே இவர் பேராயிடுச்சு.

பதிமூணு வயசுல, கடலோரத் தென்னந்தோப்புல உட்கார்ந்து ஓலையில முருகனைப் பாட ஆரம்பிச்சார். யாரும் சொல்லிக் கொடுத்து எழுதினதில்ல. அந்த ஆரம்பகாலப் பாட்டுகளோட முடிவுல அருணகிரிநாதர் பேரை வச்சுப் பாடினார். அருணகிரியார் இவருக்குப் பல நூறு வருஷம் முன்னாடி திருவண்ணாமலையில வாழ்ந்தவர். அவரையே குருவா மனசுல வரிச்சுக்கிட்டார் இந்தப் பையன். நான் எழுதுறேன், ஆனா இது எனக்கு முன்னாடி ஒருத்தர் போட்ட பாதை அப்படிங்கிற தெளிவு அந்த வயசுலயே இருந்திருக்கு.

சேதுமாதவ ஐயர்னு ஒரு பெரியவர் அந்தப் பாட்டுகளைப் பார்த்து அசந்து போனார். ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில இவருக்கு ஆறெழுத்து மந்திரத்தை உபதேசம் பண்ணார். வடமொழியும் கத்துக்கணும்னு சொன்னார். எனக்குத்தான் தமிழ்ல பாட்டே தானா வருதேன்னு அப்பாவு நினைக்கல. உட்கார்ந்து படிச்சார். பாராட்டு கிடைச்ச அதே இடத்துல தன்கிட்ட எது இல்லைன்னும் கேட்டுக்கிட்டு, அதைச் சரி பண்ணப் போனார் பாருங்க, இது எனக்குப் பெரிய விஷயமா படுது.

1878ல கல்யாணம். மனைவி காளிமுத்தம்மாள். குழந்தைகள், குடும்பம், வியாபாரப் பொறுப்பு எல்லாம் வந்துச்சு. ஆனா உள்ளுக்குள்ள துறவு ஆசை விடல. எல்லாத்தையும் விட்டுட்டு பழனிக்குப் போயிடணும்னு ஒரு நாள் முடிவு பண்ணார். இதை நண்பர் அங்கமுத்துப் பிள்ளைகிட்ட சொன்னார். குடும்பத்தை விட்டுட்டுப் போறேன்னு சொன்னா எந்த நண்பர்தான் சும்மா இருப்பார்? இது முருகன் உத்தரவான்னு அவர் கேட்டார். ஆமாம்னு சொல்லிட்டார் அப்பாவு.

உத்தரவு எதுவும் வரல. ஆசை இவரோடது, உத்தரவுன்னு சொன்னது பொய்.

யோசிச்சுப் பார்த்தா இது ரொம்பச் சின்னப் பொய். பணத்துக்காகச் சொல்லல, யாரையும் கெடுக்கச் சொல்லல. நல்ல காரியத்துக்குப் போறதுக்காக, நண்பர் தடுக்காம இருக்கறதுக்காகச் சொன்னது. ஆனா முருகன் இதைச் சின்னதா எடுத்துக்கல. அன்னைக்கே கோபமா காட்சி கொடுத்து, என் உத்தரவுன்னு எப்படிச் சொன்னாய்னு கண்டிச்சு, நானா கூப்பிடுற வரைக்கும் பழனிக்கு வரக் கூடாதுன்னு சொல்லிட்டு மறைஞ்சதா சுவாமிகள் வரலாறு சொல்லுது.

கூப்பிடவே இல்ல. 1929 மே 30ஆம் தேதி சமாதி அடையற வரைக்கும் சுவாமிகள் பழனிக்குப் போகல.

முருகனுக்காகவே வாழ்ந்த மனுஷன் அவர். எத்தனை தைப்பூசம், எத்தனை பங்குனி உத்திரம் வந்து போயிருக்கும்! தெரிஞ்சவங்க எல்லாம் காவடி எடுத்துட்டுப் போயிட்டு வந்து, தரிசனம் ஆச்சான்னு இவரையும் கேட்டிருப்பாங்க. ஒவ்வொரு தடவையும் அந்தப் பொய் ஞாபகம் வந்திருக்கும்.

இந்த இடத்துல நாமளா இருந்தா என்ன பண்ணுவோம்? எனக்குத் தெரிஞ்சு ரெண்டு வழிதான். ஒண்ணு, மூடி மறைக்கிறது. பழனிக்கு ஏன் போகலன்னு கேட்டா உடம்பு சரியில்ல, நேரம் அமையலன்னு சொல்லி நழுவறது. இன்னொண்ணு, அப்படியே உடைஞ்சு போறது. முருகனே என்னை வேண்டாம்னு சொல்லிட்டான், இனிமே நான் எதுக்குப் பாடணும்னு ஓலையைத் தூக்கி எறியறது. பார்க்க ரெண்டும் எதிரெதிரா தெரியும், ஆனா வேர் ஒண்ணுதான். தப்பு பண்ண நான் வேற, நல்ல நான் வேறன்னு பிரிச்சு, ஒருத்தனை மட்டும் வச்சுக்கப் பார்க்கிறோம்.

சுவாமிகள் ரெண்டையும் பண்ணல. நடந்ததைத் தன் பாட்டுலயே பதிவு பண்ணி வச்சார். அவர் சொல்லியிருக்காட்டி அந்த வீட்டுல நடந்த பேச்சு நமக்கு எப்படித் தெரியும்? சாப்ட்வேர்ல இருக்கறவங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். தன் பக்கைத் தானே ரிப்போர்ட் பண்ணி, க்ளோஸ் பண்ணாம, எல்லாரும் பார்க்கற மாதிரி ஓப்பனா விட்டு வச்சவர் அவர். நம்ம ஊர்ல யாரு சார் இதைப் பண்றா?

அதே சமயம் வேலையும் நிக்கல. 1891ல சண்முக கவசம் பாடினார். அதுல 30 பாட்டு. உயிரெழுத்து பன்னிரண்டு, மெய்யெழுத்து வரிசை பதினெட்டு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பாட்டுன்னு கணக்கா அமைச்சிருக்கார். 1894ல ராமநாதபுரம் பக்கத்துல பிரப்பன்வலசையில, சுடுகாட்டுல ஒரு குழி வெட்டச் சொல்லி, அதுக்குள்ள உட்கார்ந்து 35 நாள் தவம் இருந்தார். ஆசைப்பட்டு உத்தரவுன்னு சொன்னவர், இப்போ உத்தரவுக்காகக் குழிக்குள்ள காத்துக்கிட்டு இருந்தார். 1895ல பாம்பனை விட்டு சென்னைக்கு வந்துட்டார். மொத்தம் 6,666 பாடல்கள் பாடினார்ங்கிறது நமக்கெல்லாம் தெரிஞ்ச கணக்கு.

கடைசியா ஒரு சம்பவம். 1923 டிசம்பர் 27, சென்னை தம்புச் செட்டித் தெரு. எழுபது வயசைத் தாண்டிட்ட சுவாமிகள் நடந்து போகும்போது குதிரை வண்டிச் சக்கரம் கால்ல ஏறி எலும்பு முறிஞ்சுது. அரசு பொது மருத்துவமனையில சேர்த்தாங்க. உப்பில்லாமலே சாப்பிட்டுப் பழகின வயசான உடம்பு, எலும்பு கூடாது, காலை எடுக்கணும்னு டாக்டர்கள் சொன்னாங்க. சீடர் சின்னசாமி ஜோதிடர் சண்முக கவசத்தை விடாம ஓதினார். பதினோராம் நாள் ராத்திரி வானத்துல மயில்கள் ஆடுறதையும், பக்கத்துல ஒரு சிவந்த குழந்தை படுத்திருக்கறதையும் சுவாமிகள் கண்டார். கால் கூடிடுச்சு. இன்னைக்கும் மார்கழியில மயூர வாகன சேவன விழான்னு அதைக் கொண்டாடுறோம்.

இதை வெறும் அற்புதக் கதையாத்தான் நான் படிச்சிருந்தேன். பழனி விஷயம் தெரிஞ்ச அப்புறம்தான் வேற மாதிரி புரிஞ்சுது. என்கிட்ட வராதேன்னு சொன்ன அதே முருகன், இவரால நடக்க முடியாம கிடந்தப்ப தானே தேடி ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு வந்துட்டான். பழனிக்கான தடையை அப்பவும் எடுக்கல. தடை போட்டதும் அவன்தான், தேடி வந்ததும் அவன்தான்.

இப்போ என் கதை. நான் புதுச்சேரி முத்தியால்பேட்டை. இன்ஜினியரிங் முடிச்சு பெங்களூர்ல வேலை. ரெண்டு வருஷம் முன்னாடி அப்ரைசல்ல எனக்குக் கிடைச்சது கடைசி ரேட்டிங். மூணு மாசத்துல முன்னேறணும், இல்லன்னா நீங்களே எழுதிக் கொடுத்துட்டுப் போயிடலாம்னு சொன்னாங்க. நான் எழுதிக் கொடுத்துட்டு வந்துட்டேன். வீட்டுல அதைச் சொல்ல வாய் வரல. கோயில்ல பூ போட்டுப் பார்த்தேன், ஊருக்கே திரும்பிப் போன்னு முருகன் உத்தரவு கொடுத்துட்டான்னு அம்மாகிட்ட சொன்னேன்.

அம்மா அப்படியே நம்பிட்டாங்க. கௌசிக பாலசுப்ரமணியர் கோயிலுக்குப் போய் அர்ச்சனை பண்ணிட்டு, தெருவுல எல்லார்கிட்டயும் முருகன் என் புள்ளையைத் திருப்பிக் கொடுத்துட்டான்னு சொன்னாங்க. கொஞ்ச மாசத்துல வீட்டுலேருந்தே பார்க்கற வேற வேலையும் கிடைச்சுது. எல்லாம் நல்லபடியா ஆனதால பொய்யும் உண்மை மாதிரியே ஆயிடுச்சு. ஆனா ஒவ்வொரு கிருத்திகைக்கும் அம்மா அதைச் சொல்லும்போது எனக்குச் சோறு இறங்காது.

போன வருஷம் ஈசிஆர் பஸ் பிடிச்சு திருவான்மியூர்ல இறங்கி, சுவாமிகள் சமாதிக்குப் போனேன். அங்க உட்கார்ந்து கவசம் சொல்லிட்டு, சுவாமிகள் வரலாறு ஒண்ணு வாங்கினேன். திரும்பி வர்ற பஸ்ல படிச்சப்ப அந்தப் பழனிப் பக்கம் வந்துச்சு. என் பொய்யும் அதே பொய். அவர் போறதுக்குச் சொன்னார், நான் திரும்பி வந்ததுக்குச் சொன்னேன். மரக்காணம் தாண்டுற வரைக்கும் அதே பக்கத்தையே வச்சுக்கிட்டு இருந்தேன்.

அம்மாகிட்ட சொல்ல எனக்கு அதுக்கப்புறம் பதினொரு நாள் ஆச்சு. வாசல்ல உட்கார்ந்து கீரை ஆய்ஞ்சுட்டு இருந்தாங்க. ரேட்டிங்னா என்னன்னுலேருந்து ஆரம்பிச்சு எல்லாத்தையும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசல. வேலை போனதுக்கு நான் திட்டியிருக்க மாட்டேன், ஆனா சாமி பேரைச் சொல்லி என்னை ஊரெல்லாம் பேச வச்சுட்டியேன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. ரெண்டு நாள் சரியா பேசல. மூணாம் நாள் பேசினாங்க. தெருவுல சொன்னதை அவங்க மாத்திச் சொல்லல, நானும் கேட்கல. அது என் பழனி. அப்படியே இருக்கட்டும்.

இன்னொண்ணும் பண்ணேன். அந்த அப்ரைசல் மெயிலைத் திரும்ப எடுத்து முழுசா படிச்சேன். முதல்ல படிச்சப்ப நீ லாயக்கில்லன்னு மட்டும்தான் கண்ணுல பட்டுச்சு. நிதானமா படிச்சா, நான் எழுதுற கோடுல டெஸ்ட் இல்ல, மாட்டிக்கிட்டா யார்கிட்டயும் கேட்கறதில்ல, கடைசி நாள்லதான் முடியலன்னு சொல்றேன்னு மூணு விஷயம் இருந்துச்சு. மூணுமே உண்மை. அவமானம் கண்ணை மறைச்சிருந்ததால அப்போ தெரியல. தன்னை ஏத்துக்கறதுங்கிறது நான் இப்படித்தான்னு விட்டுடறது இல்ல. ஏத்துக்கிட்டாத்தான் எது சரியில்லன்னு பார்க்கவே முடியுது.

இப்போ மாசா மாசம் கிருத்திகை அன்னைக்கு ராத்திரி விளக்கேத்தின அப்புறம் ஒரு நோட்டுல மூணு விஷயம் எழுதுறேன். இந்த மாசம் எதை மறைச்சேன்? யார் சொன்ன குறையைக் கேட்டுக்கிட்டு கத்துக்கிட்டேன்? தப்பு பண்ண அப்புறமும் விடாம எதைச் செஞ்சேன்? மூணும் சுவாமிகள் வாழ்க்கையிலேருந்து எடுத்ததுதான். மார்க் போடறதில்ல. போன மாசப் பக்கத்தோட சேர்த்து வச்சுப் பார்ப்பேன், அவ்வளவுதான். யாரும் கேட்காமத்தான் மாட்டிக்கிட்டேன்னு சொல்றது இப்போ கொஞ்சம் பழகியிருக்கு. டெஸ்ட் எழுதற விஷயத்துல இன்னும் சோம்பேறிதான்.

பழனிக்கு நான் போகலாம், எனக்கு யாரும் தடை போடல. இந்தத் தைப்பூசத்துக்கு அம்மாவையும் கூட்டிட்டுப் போறதா இருக்கேன். படியேறும்போது, இந்த மலையைப் பார்க்காமலே நமக்குக் கவசம் கொடுத்துட்டுப் போனவரை ஒரு நிமிஷம் நினைச்சுக்குவேன். நீங்க போனாலும் நினைச்சுக்கோங்க.

பாம்பன் சுவாமிகள் திருவடிகளே சரணம்.
வேலும் மயிலும் துணை.