விரல்களுக்கு வழி காட்டிய ஆசான் கார்ல் செர்னி

பியானோ பயிலும் பிள்ளையுள்ள வீடுகளிலே கார்ல் செர்னி என்பது புதிய பெயரன்று. இலண்டன் இசைப் பரீட்சைகளுக்கு ஆயத்தம் செய்யும் பிள்ளைகளின் அப்பியாசப் புத்தகங்களில் அப்பெயர் அடிக்கடி தென்படும். பிள்ளைகளுக்கோ அது பெரும்பாலும் அலுப்பைத் தரும் பெயர். ஒரே விதமான சுரங்கள் ஏறும், இறங்கும், மறுபடியும் ஏறும். சிறுவர்களை வருத்துவதற்கென்றே பிறந்த மனிதரோ இவர் என்று பிள்ளை எண்ணினால் அதிலே வியப்பில்லை. வாசகரே, அந்த மனிதரின் வரலாற்றைச் சற்றே கேளுங்கள். பரீட்சை நெருங்கும் நாட்களில் அது உங்கள் பிள்ளைக்கு மட்டுமன்றி, பெற்றோராகிய உங்களுக்கும் பயன்தரும்.

1791ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 21ஆம் நாள் வியன்னா நகரிலே செர்னி பிறந்தார். மாமேதை மொசாற் அதே நகரில் மறைந்ததும் அதே ஆண்டில்தான். தகப்பனார் வென்சல் பொகீமியா நாட்டிலிருந்து வந்தவர். பியானோ கற்பித்துப் பிழைத்த அவரிடம் செல்வம் இருக்கவில்லை. ஆனால் மகனுக்கு ஒழுங்காகக் கற்பிக்கும் பொறுமை நிறைய இருந்தது. மூன்று வயதிலே பிள்ளை பியானோவைத் தொட்டான். ஏழு வயதிலே சிறு இசைகளை எழுதத் தொடங்கினான். 1800ஆம் ஆண்டில், ஒன்பது வயதிலே, மொசாற்றின் இசையொன்றைச் சபையின்முன் வாசித்தான்.

பத்து வயதளவில் தகப்பனார் அவனைப் பீத்தோவனிடம் அழைத்துச் சென்றார். கரடுமுரடான தோற்றமும் கலைந்த தலைமயிருமாக இருந்த அம்மனிதர்முன் சிறுவன் அமர்ந்து வாசித்தான். வாசித்து முடிந்ததும் பீத்தோவன் அவனைத் தமது மாணாக்கனாக ஏற்றுக்கொண்டார்.

அவ்வளவு பெரிய மேதை அச்சிறுவனுக்கு முதலில் எதைக் கற்பித்தார் என்று நினைக்கிறீர்கள்? பெரிய இசைகளையல்ல. முதற் பாடங்கள் முழுவதும் சுரவரிசைகளே. எல்லாச் சுருதிகளிலும் சுரவரிசை வாசிக்கவேண்டும். கையை எப்படி வைப்பது, விரல்களை எப்படி வளைப்பது, பெருவிரலை மற்ற விரல்களின் கீழே எப்படிக் கொண்டுசெல்வது என்பவற்றையே அவர் திரும்பத் திரும்பக் காட்டினார். சபையின்முன் வாசித்துப் பாராட்டுப் பெற்ற பிள்ளைதான். என்றாலும் அடிப்படையிலிருந்தே தொடங்க நேர்ந்தது. பிற்காலத்தில் செர்னி எழுதிய அப்பியாசங்கள் யாவும் இந்த வித்திலிருந்து முளைத்தவை என்றால் மிகையாகாது.

செர்னி வளர்ந்து பேர்பெற்ற வாத்தியக்காரரானார். பீத்தோவனுடைய படைப்புக்களை ஏடு பாராமலே வாசிக்கும் நினைவாற்றல் அவருக்கு இருந்தது. 1812ஆம் ஆண்டில் பீத்தோவனின் ஐந்தாவது பியானோக் கச்சேரி இசை வியன்னாவில் முதன்முதலாக ஒலித்தபோது, பியானோவில் அமர்ந்தவர் செர்னியே. பீத்தோவனின் செவிப்புலன் அப்போது பெரிதும் குன்றியிருந்தது. அன்று செர்னிக்கு வயது 20. புகழின் வாசல் திறந்தே இருந்தது. ஆனால் ஊர் ஊராகச் சென்று மேடையேறும் வாழ்வை அவர் நாடவில்லை. பெற்றோருடன் தங்கி, கற்பித்தலையே தம் தொழிலாக்கிக் கொண்டார். பதினைந்து வயதளவிலேயே ஆசிரியராகிவிட்ட அவர், பல ஆண்டுகளாக நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேலாகக் கற்பித்தார். இசை எழுதுவதற்கு இரவுதான் மிஞ்சியது. அப்படியிருந்தும் எண்ணூறுக்கு மேற்பட்ட இலக்கமிட்ட படைப்புக்களை வெளியிட்டார். அவற்றுள் அப்பியாசங்கள் மாத்திரமன்றித் திருப்பலிக்குரிய இசைகளும் உள்ளன.

இனி நான் கூறப்போகும் இரண்டு நிகழ்ச்சிகளைப் பெற்றோர் கவனமாகக் கேட்கவேண்டும்.

முதலாவது 1816ஆம் ஆண்டில் நடந்தது. பீத்தோவனின் இசையொன்றைச் சபையில் வாசிக்கையில், செர்னி இளமைத் துடுக்கால் எழுதப்படாத அலங்காரங்களைத் தாமாகச் சேர்த்தார். பீத்தோவன் மற்றவர்கள் முன்னிலையிலேயே அவரைக் கடிந்துகொண்டார். ஆனால் மறுநாளே அவரிடமிருந்து கடிதம் வந்தது. கடிந்த விதத்துக்கு மன்னிப்புக் கேட்டிருந்தார். எனினும் எழுதியபடியே தம் இசையைக் கேட்க விரும்புவதாகவும் தெரிவித்திருந்தார். அக்கடிதம், முந்திய நாளின் கடுஞ்சொல்லைவிட ஆழமாகச் செர்னியின் மனதில் பதிந்தது.

இரண்டாவது நிகழ்ச்சி அதற்கடுத்த ஆண்டுக்குரியது. பீத்தோவன் தம் சகோதரரின் மகனான கார்ல் என்ற சிறுவனைச் செர்னியிடம் படிக்க விட்டிருந்தார். பிள்ளையை எப்படி நடத்தவேண்டும் என்று செர்னிக்கு அவர் எழுதினார். பிள்ளையோடு பொறுமையாயிருக்க வேண்டும். விரல் ஒழுங்கும் தாளமும் சரியாகி, சுரங்களும் ஓரளவு பிழையின்றி வந்தபின்னரே பாவத்தைப் பற்றிப் பேசவேண்டும். அந்த நிலைக்கு வந்த பிள்ளையைச் சிறு பிழைகளுக்காக இடையிலே நிறுத்தக்கூடாது. முழுவதையும் வாசித்து முடிக்க விட்டு, அதன் பின்பே பிழைகளைச் சுட்டிக்காட்ட வேண்டும். கோபத்துக்குப் பெயர்போன ஒரு மனிதர் இப்படி எழுதினார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

1819ஆம் ஆண்டில் ஒரு தகப்பன் தம் மகனைச் செர்னியிடம் அழைத்து வந்தார். வெளிறிய முகமும் மெலிந்த உடலுமுடைய எட்டு வயதுச் சிறுவன். நாற்காலியில் ஆடி ஆடி வாசித்தான். விரல்கள் கண்டபடி ஓடின. தாளமும் ஒழுங்கும் இல்லை. ஆனால் இயற்கை அவனுக்கு அள்ளிக் கொடுத்திருந்ததைச் செர்னி கண்டுகொண்டார். அக்குடும்பம் பின்னர் வியன்னாவுக்கு வந்து தங்கியபோது, கட்டணம் எதுவும் பெறாமலே அவனுக்குக் கற்பித்தார். சுரவரிசையும் தாளமும் விரல் ஒழுங்குமே அவனுக்கும் முதற் பாடம். அச்சிறுவன்தான் பிரான்ஸ் லிஸ்ற். பின்னாளில் ஐரோப்பா முழுவதையும் தம் பியானோவினால் மயக்கி, 1865இல் திருச்சபையின் சிறுபட்டங்களையும் பெற்ற அதே லிஸ்ற்! தமது மிகக் கடினமான பியானோப் படைப்புக்களுள் ஒரு தொகுதியைத் தம் ஆசானுக்கே காணிக்கையாக்கினார். முதிர்ந்த வயதில் அவரும் தம் மாணாக்கரிடம் கட்டணம் வாங்கவில்லை. இலவசமாகப் பெற்றதை அவர் இலவசமாகவே கொடுத்தார்.

ஊரிலே தனியாகப் பயிலும் பிள்ளைகளையும் செர்னி மறக்கவில்லை. ஏறக்குறைய 12 வயதுள்ள ஒரு சிறுமிக்கு ஆசிரியர் எழுதுவதுபோலப் பத்துக் கடிதங்களை நூலாக எழுதினார். அவற்றின் சாரம் நம் வீட்டுப் பிள்ளைக்கும் பொருந்தும். நேராக அமர வேண்டும். சுரவரிசைகளை நாள்தோறும் வாசிக்க வேண்டும். எதையும் முதலில் மெதுவாகவும் பிழையின்றியும் வாசித்து, பின்பே வேகத்தைக் கூட்ட வேண்டும். கற்று முடித்த பாடங்களை மறக்க விடலாகாது. பிறர்முன் வாசிப்பதானால் முற்றாகக் கைவந்த பாடத்தையே தெரிவு செய்ய வேண்டும்.

இந்த ஒழுங்கை வைத்தே பரீட்சைப் பிள்ளையின் ஒரு கிழமையை அமைக்கலாம். ஒவ்வொரு நாளும் முதற் பத்து நிமிடம் சுரவரிசைக்கு ஒதுக்குங்கள். திங்களும் செவ்வாயும் புதிய பாடத்தின் கடினமான நான்கைந்து வரிகளை, கைகளைத் தனித்தனியாக வைத்து, மெதுவாகப் பார்க்கட்டும். புதனும் வியாழனும் இரு கைகளையும் சேர்த்து, தாளத்தை எண்ணி வாசிக்கட்டும். வெள்ளியன்று பழைய பாடங்களுக்குத் திரும்பட்டும். சனிக்கிழமை வீட்டாரை அமரச் செய்து, பரீட்சகர்முன் வாசிப்பதுபோல முழுவதையும் நிறுத்தாமல் வாசிக்கட்டும். ஞாயிறன்று தனக்குப் பிடித்ததைத் தன் மகிழ்ச்சிக்காக வாசிக்கட்டும். சனிக்கிழமை மட்டும் ஒரே நாளில் மூன்று மணித்தியாலம் உட்காருவதைவிட, நாளுக்கு அரை மணித்தியாலம் தவறாமல் அமர்வதே விரல்களுக்குப் பலன் தரும்.

செர்னி மணம் செய்துகொள்ளவில்லை. தாய் 1827இலும் தகப்பன் 1832இலும் மறைந்தபின் தனித்தே வாழ்ந்தார். 1857ஆம் ஆண்டு யூலை மாதம் 15ஆம் நாள் வியன்னாவில் காலமானார். உழைத்துச் சேர்த்த பெருஞ்செல்வத்தைச் செவிப்புலனற்றோர் நிலையம் உட்பட அறப்பணிகளுக்கும், தம் வீட்டுப் பணிப்பெண்ணுக்கும், வியன்னா இசைச் சங்கத்துக்கும் எழுதிவைத்தார். தம் ஆன்ம இளைப்பாற்றிக்காக இரங்கல் திருப்பலி இசை பாடப்படவும் ஏற்பாடு செய்திருந்தார். காது கேளாத ஆசானிடம் கற்றவரின் செல்வத்தில் ஒரு பங்கு காது கேளாதோருக்கே சென்றது.

பெற்றோரே, பரீட்சைப் புள்ளிகள் வேண்டியவைதாம். ஆனால் சித்தியடைந்த மறுநாளே பியானோவை மூடிவிடும் பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களுள் பலரை இசையிலிருந்து விரட்டியது செர்னியின் அப்பியாசமல்ல. ஒவ்வொரு பிழைக்கும் அடுப்படியிலிருந்து எழுந்த அதட்டலே. இந்தக் கிழமை உங்கள் பிள்ளை வாசிக்கும்போது, அருகில் அமர்ந்து, கடைசிச் சுரம் வரை வாய்திறவாது கேளுங்கள். முடிந்ததும் நன்றாக வந்த ஓரிடத்தை முதலில் சொல்லுங்கள். திருத்த வேண்டியதை அதன்பின் சொல்லுங்கள். பிள்ளை நாளைக்கும் பியானோவின்முன் தானாக வந்து அமரும்.