டியூக் துரத்திய திராட்சை! - நவம்பர் விருந்துக்குப் பின்னால் ஒரு பழைய வழக்கு

நவம்பர் மாதம் மூன்றாவது வியாழக்கிழமை. அதற்கு முந்தைய இரவு பிரான்ஸின் போஜொலே மலைப்பகுதியில் இருக்கும் போஜே என்ற சின்ன ஊரில் யாரும் சீக்கிரம் தூங்க மாட்டார்கள். காய்ந்த திராட்சைக் குச்சிகளைக் கொளுத்தி, தீப்பந்தங்களோடு தெருவில் ஊர்வலம் போவார்கள். மணி 12 அடித்ததும் பீப்பாய்களைத் திறப்பார்கள். செப்டம்பரில் கொடியில் தொங்கிய பழம், அதற்குள் கிளாஸில் சிவப்பு ஒயினாகி நிற்கும். இதன் பெயர் போஜொலே நூவோ. நூவோ என்றால் புதுசு.

இந்த ஒயினுக்கான திராட்சை கமே. சுமார் 630 வருஷங்களுக்கு முன்னால், இந்தக் கொடி ஒன்றுகூட தன் மண்ணில் மிஞ்சக் கூடாது என்று ஒருவர் சட்டம் போட்டார். அவர் சாதாரண ஆள் இல்லை. பிரான்ஸ் ராஜாவின் மகன், பர்கண்டியின் டியூக், ஒரு காலத்தில் பிரான்ஸையே பின்னால் இருந்து ஆட்டிவைத்தவர். சரித்திரம் அவரைத் துணிச்சல்கார பிலிப் என்று அழைக்கிறது.

பிலிப் பிறந்தது 1342 ஜனவரியில். ராஜா இரண்டாம் ஜானின் நான்காவது மகன். நான்காவது மகன் என்றால் கிரீடம் தேடி வராது, மிஞ்சினால் ஏதாவது ஒரு சின்ன நிலப்பகுதி கிடைக்கும். ஏழு வயதில் அம்மாவை இழந்தார். கொள்ளைநோய் ஐரோப்பாவை வாரிச் சுருட்டிக்கொண்டிருந்த 1349 அது. அந்த நோய்க்குப் பிறகு கிராமங்களில் வேலைக்கு ஆள் இல்லை. வயல்கள் தரிசாகக் கிடந்தன. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதை திரும்பவும் இங்கேதான் வரும்.

1356ல் புவாத்தியே போர். இங்கிலாந்துப் படையிடம் பிரெஞ்சுப் படை தோற்று ஓடுகிறது. ராஜாவின் மூத்த பிள்ளைகளை முன்பே களத்தை விட்டு அனுப்பிவிட்டார்கள். 14 வயது பிலிப் மட்டும் அப்பாவின் பக்கத்திலேயே நின்றான். எந்தப் பக்கத்திலிருந்து வெட்டு வருகிறது என்று கத்திக் கத்தி அப்பாவை எச்சரித்துக்கொண்டே இருந்தான் என்கிறார்கள். கடைசியில் இருவருமே பிடிபட்டார்கள். துணிச்சல்காரன் என்ற பட்டம் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது.

சிறைவாசம் இங்கிலாந்தில். ராஜகைதி என்பதால் விருந்துக்குக் குறைவில்லை. அப்படி ஒரு விருந்தில், பரிமாறுகிறவன் தன் அப்பாவை விட்டுவிட்டு முதலில் இங்கிலாந்து ராஜாவுக்கு ஊற்றினான் என்று பொடியன் பிலிப் அவனை அறைந்துவிட்டான் என்று ஒரு கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, ஆளின் குணத்துக்கு அப்படியே பொருந்துகிறது. மேஜையில் யாருக்கு எந்த இடம், யார் கோப்பையில் எந்த ஒயின் என்பதெல்லாம் அவருக்குக் கடைசிவரை மானப் பிரச்னை.

1360ல் சமாதான உடன்படிக்கைக்குப் பிறகு விடுதலை. பக்கத்தில் நின்ற பிள்ளைக்கு அப்பா கொடுத்த பரிசு பெரியது. வாரிசு இல்லாமல் போயிருந்த பர்கண்டியை 1363ல் பிலிப்பிடம் ஒப்படைத்தார். டிஜோன் தலைநகர். அதற்குத் தெற்கே போன் நகரம் (கையில் வைத்திருக்கும் போன் இல்லை, ஊர்ப் பெயரே அதுதான்). இரண்டுக்கும் நடுவில் ஒடுங்கிய மலைச்சரிவு. அந்தச் சரிவில் விளைந்த பீனோ நுவார் திராட்சையின் ஒயினுக்கு அப்போதே மவுசு. அவிஞ்ஞோன் நகரில் இருந்த போப்பின் மேஜை வரைக்கும் போனது. 21 வயதில் அந்தச் சரிவின் சொந்தக்காரராகிவிட்டார் நம்ம ஆள்.

அடுத்தது கல்யாணம். ஃபிளாண்டர்ஸின் வாரிசு மார்கரெட், அன்றைய ஐரோப்பாவில் எல்லோரும் குறிவைத்த மணப்பெண். இங்கிலாந்து ராஜா தன் மகனுக்குக் கேட்டார், போப் அனுமதி தரவில்லை. 1369ல் கென்ட் நகரில் பிலிப் கைப்பிடித்தார். 1384ல் மாமனார் இறந்ததும் ஃபிளாண்டர்ஸும் சேர்ந்தே வந்தது. துணி வியாபாரத்தில் கொழித்த நகரங்கள், கையில் காசுள்ள வியாபாரிகள். அதாவது, பர்கண்டி ஒயினுக்கு வீட்டு வாசலிலேயே சந்தை.

ஒயினை அவர் சும்மா குடிக்கவில்லை, அரசியலுக்குப் பயன்படுத்தினார். யாரிடம் காரியம் ஆக வேண்டுமோ அவருக்கு போன் நகரத்து பீப்பாய் போகும். 1380ல் ராஜாவான அண்ணன் இறந்து, சின்னப் பையன் ஆறாம் சார்லஸுக்கு முடிசூட்டினார்கள். அந்த விருந்தில் பிலிப் செய்த காரியம் ஊர் முழுக்கப் பேச்சானது. ராஜாவுக்கு அடுத்த நாற்காலி தன் அண்ணன் அஞ்சூ டியூக்குக்குப் போவதைப் பார்த்தார். நேராகப் போய், இரண்டு பேருக்கும் நடுவில் தானே உட்கார்ந்துகொண்டார். பின்னாளில் ராஜாவுக்குப் புத்தி பேதலித்தபோது நாட்டை நடத்தியதிலும் அவர் கைதான் ஓங்கியிருந்தது.

இப்போது 1395க்கு வருவோம். ஜூலை கடைசி நாளில் ஓர் ஆணை. பர்கண்டியில் கமே கொடி வைத்திருக்கும் எல்லோரும் கெடுவுக்குள் வெட்டி, வேரோடு பிடுங்க வேண்டும். மீறினால் அபராதம். திராட்சைத் தோட்டத்துக்குச் சாண எரு போடுவதற்கும் தடை. ஆணையின் வாசகம் சட்டம் மாதிரியே இருக்காது, கோபக்காரர் திட்டுவது மாதிரி இருக்கும். கமேயைக் கெட்ட கொடி என்கிறார், நம்பிக்கைத் துரோகி என்கிறார். கசப்பு என்கிறார், குடித்தவர் உடம்புக்கு ஆகாது என்கிறார்.

ஒரு கொடி மேல் இவ்வளவு ஆத்திரம் ஏன்? காசு, கௌரவம் ரெண்டும்தான். பர்கண்டி ஒயின் என்று நம்பி வாங்கிய வியாபாரி, சில மாதத்தில் பீப்பாய்க்குள் வேறு ஏதோ இருப்பதைப் பார்த்தால் அடுத்த வருஷம் வர மாட்டான். அவருடைய கணக்கில் நியாயம் இல்லாமல் இல்லை. ஊரின் பெயரே முதலீடு என்று புரிந்துகொண்டு சட்டம் போட்டவர்களில் அவர் முன்னோடி.

ஆனால் குடியானவன் கணக்கு வேறு. பீனோ நோஞ்சான். தாமதமாகப் பழுக்கும், கொஞ்சமாகக் காய்க்கும், பனி அடித்தால் போச்சு. கமே அதைவிட ரெண்டு வாரம் முன்னாடியே பழுத்துவிடும், அள்ளி அள்ளிக் கொடுக்கும். கொள்ளைநோய்க்குப் பிறகு கூலிக்கு ஆளே கிடைக்காத ஊரில், நாலு வயிறு நிறைய வேண்டிய வீட்டில், எவன் பீனோ நடுவான்? வாசலில் கமே கொடியை வைத்திருந்தவனுக்கு அது துரோகி இல்லை, சோறு. டிஜோன் நகர சபையும் டியூக்கின் ஆணையை எதிர்த்தது.

ஆணை முழுசாக ஜெயித்ததா என்றால், இல்லை. அவருடைய பேரன் நல்லவர் பிலிப் காலத்திலும் கமேக்கு எதிராக மறுபடி ஆணை போட வேண்டியிருந்தது. முதல் ஆணை வேலை செய்திருந்தால் ரெண்டாவது எதற்கு?

இதில் பெரிய வேடிக்கை 1999ல் வெளிவந்தது. திராட்சைகளின் டி.என்.ஏ.வைச் சோதித்த ஆய்வாளர்கள் கமேயின் பெற்றோரைக் கண்டுபிடித்தார்கள். ஒரு பக்கம் பீனோ. இன்னொரு பக்கம் குவே பிளாங்க் என்ற, யாரும் மதிக்காத நாட்டுத் திராட்சை. டியூக் தலையில் தூக்கிவைத்து ஆடிய குடும்பத்தின் பிள்ளையைத்தான் வேரோடு பிடுங்கச் சொல்லியிருக்கிறார்!

பர்கண்டியில் துரத்தப்பட்ட கமேக்குத் தெற்கே ஓர் இடம் கிடைத்தது. மாகோன் நகரைத் தாண்டினால் போஜொலே. அது அவருடைய ஆட்சிக்குள் வராத பகுதி. மண்ணும் வேறு. பர்கண்டியின் சுண்ணாம்புக்கல் மறைந்து கருங்கல் பாறை மண் ஆரம்பிக்கும். பீனோ முகம் சுளிக்கும் அந்த மண்ணில் கமே சிரித்துக்கொண்டு வளர்ந்தது.

பிலிப்பின் கடைசி வருஷங்கள் செலவில் கரைந்தன. ஆணை போட்ட அடுத்த வருஷமே, 1396ல், மகன் ஜான் நிகோபோலிஸ் போரில் துருக்கியரிடம் சிக்கினான். மீட்க 2 லட்சம் பொற்காசு. டிஜோனுக்கு வெளியே ஷான்மோலில் தனக்காகக் கட்டிய மடம், அதில் கிளவுஸ் ஸ்லூட்டர் என்ற மேதை செதுக்கிய சிலைகள், பட்டு, நகை என்று பணம் போய்க்கொண்டே இருந்தது. 1404 ஏப்ரல் 27ல், பிரஸ்ஸல்ஸுக்குப் பக்கத்தில் ஹாலே என்ற ஊரில் காய்ச்சலில் இறந்தார். கஜானாவில் கடன்தான் மிச்சம். மனைவி மார்கரெட் தன் இடுப்புப் பட்டை, பணப்பை, சாவிக்கொத்து மூன்றையும் கணவனின் சவப்பெட்டி மேல் வைத்தார். கணவரின் கடனுக்குத் தான் பொறுப்பில்லை என்பதற்கு அந்தக் காலத்து அடையாளம் அது. ஐரோப்பாவின் பெரும் பணக்கார டியூக்கின் கடைசிக் காட்சி இப்படி முடிந்தது. படிக்கும்போது அவர் மேல் கோபம் போய்விடுகிறது.

கமே கொடிக்கு வருவோம். டியூக் சொன்ன குறைகளில் ஒன்று, இந்த ஒயின் நாள்பட நிற்காது என்பது. போஜொலேக்காரர்கள் அதை மறுக்கவே இல்லை. நிற்காதா, சரி, உடனே குடித்துவிடலாம்! கையால் பறித்த முழுக் குலைகளை அப்படியே மூடிய தொட்டியில் போடுவார்கள். கரியமில வாயு நிறைந்து, பழத்துக்கு உள்ளேயே நொதிக்க ஆரம்பிக்கும். தோலின் துவர்ப்பு அதிகம் இறங்காது, பழவாசனை தூக்கலாக நிற்கும். லியோன் நகரத்துச் சாப்பாட்டுக் கடைகளில் இதைக் குடம் குடமாகக் குடித்துக்கொண்டிருந்தார்கள். 1951ல் டிசம்பருக்கு முன்னாலேயே விற்க அனுமதி கிடைத்தது. 1985ல் மூன்றாவது வியாழன் என்று நாள் குறித்தார்கள்.

சாப்பாட்டோடு சேர்ந்தால்தான் இதன் அருமை தெரியும். போஜொலேயில் இந்தப் பருவத்தில், ஒயின் எடுத்த பிறகு மிஞ்சும் திராட்சைச் சக்கையில் பன்றி சாசேஜை வேகவைப்பார்கள். கொழுப்பான அந்தத் துண்டு, வேகவைத்த உருளைக்கிழங்கு, பக்கத்தில் சுட்ட செஸ்ட்நட். புளிப்பும் பழவாசனையும் உள்ள இளம் ஒயின் ஒரு மடக்கு குடித்தால் நாக்கிலிருந்து கொழுப்பு வழித்துக்கொண்டு போகும். அமெரிக்காவில் ‘தேங்க்ஸ்கிவிங்’ சரியாக ஒரு வாரம் கழித்து வருகிறது. அங்கே வான்கோழியோடும் கிரான்பெர்ரி சாஸோடும் இதை வைப்பார்கள். துவர்ப்பு நிறைந்த கனமான ஒயின் வான்கோழியின் வறண்ட சதையோடு மல்லுக்கட்டும், இது கட்டாது. ஒரே விஷயம், கொஞ்சம் குளிர்ச்சி வேண்டும். 12, 13 டிகிரி. பரிமாறுவதற்கு அரை மணி நேரம் முன்னால் ஃபிரிட்ஜில் வைத்தால் போதும். பத்திரப்படுத்தி வைக்க வேண்டாம், சில மாதத்தில் சுவை இறங்கிவிடும். (குடிக்காதவர்கள் இதைப் படித்து ஆரம்பிக்க வேண்டாம். மது மதுதான்.)

எல்லா பாட்டிலும் நன்றாக இருக்கும் என்றும் சொல்ல மாட்டேன். சிலவற்றில் வாழைப்பழ மிட்டாய் வாசனையைத் தவிர ஒன்றுமே இருக்காது. அப்படி ஒன்றைத் திறக்கும்போது டியூக் பக்கம் சாய்ந்துவிடத் தோன்றும்.

நூவோ வரும் வியாழனை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமையில்தான் போன் நகரத்தில் புகழ்பெற்ற ஒயின் ஏலமும் நடக்கும். டியூக் காப்பாற்ற நினைத்த பீனோ ஒயின் அங்கே கண்ணைப் பறிக்கும் விலைக்குப் போகும். பீனோவையும் கமேயையும் கலந்து செய்யும் பாஸ்-து-கிரேன் என்ற ஒயினும் அதே பர்கண்டியில் சட்டப்படியே விற்கிறது. பிலிப்பின் கல்லறையை டிஜோன் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். கறுப்புப் பலகைக்கு மேல் கைகூப்பிப் படுத்திருப்பார், காலடியில் ஒரு சிங்கம். கீழே முக்காடு போட்ட துறவிகள் வரிசையாக அழுதுகொண்டு போவார்கள். நவம்பரில் போனால், வெளியே வந்ததும் டிஜோன் கடைகளின் கண்ணாடியில் நூவோ வந்துவிட்டது என்ற அறிவிப்பு ஒட்டியிருக்கும்.